உணவு நீங்கலாக

திங்கள் காலைக்குள் இருபது பக்கம் கொடுக்க வேண்டும்.
உலக நாடுகளின் சட்டங்களில் உணவுரிமை.
பக்கத்துக்கு முப்பத்தைந்து வெள்ளி.

ஞாயிறு இரவு, தேக்கா அங்காடி.
பாதிக் கடைகளில் கதவு இறங்கிவிட்டது.
எதிரே அடைக்கலம்,
அறந்தாங்கிப் பக்கம், துவாஸ் விடுதி, புங்கோலில் சாரம் கட்டும் வேலை.
ஒரு சம்பள வழக்கில் அவர் பேசியதை நான் மொழிபெயர்த்தேன்.
வழக்கு முடிந்து எட்டு மாதம்,
மேசை மட்டும் முடியவில்லை.
வாரத்தில் அவர் சூடாகச் சாப்பிடும் ஒரே வேளை இது.

படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

பிரேசிலில்
கல்வி, உடல்நலம் என்று ஓடிய ஒரு வரியில்
பின்னாளில் ஒரு சொல்லை நுழைத்தார்கள்:
உணவு.
அது வந்து உட்கார்ந்த இடம், வேலைக்கு முன்னால்.
“முந்தியா?” என்றார். “சோறு முந்தியா?”
பரோட்டாவைப் பிய்த்த விரல் நின்றது.

தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் உண்டு.
அடுத்த உட்பிரிவிலேயே, கிடைக்கும் வளங்களுக்குள்.
அவசியம் வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு
முகவரி சொல்லாமல் போகிறவரைப் போல.

நம் ஊரில் அரசியல் சட்டம் உயிர் என்றுதான் எழுதியது.
நீதிபதிகள் அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தார்கள்,
உள்ளே சோறு இருந்தது.
பிறகு தனிச் சட்டம் வந்து
ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ என்று அளந்தது.
“அந்த அஞ்சு கிலோ வருது,” என்றார்.
“எம் பேரு இன்னும் கார்டுல இருக்கு.
அங்க பேரு சாப்பிடுது.”

கென்யா:
பசியின்றி இருக்கும் உரிமை,
ஏற்கத்தக்க தரமுள்ள போதிய உணவு.
இங்கே அவர் சிரித்துவிட்டார்.
மூன்று மணிக்கு வடித்து,
பழுப்புத் தாளில் மடித்து, ரப்பர் போட்டு,
ஐந்து மணி லாரியில் ஏறி,
பன்னிரண்டு மணிக்குப் பிரியும் பொட்டலம்.
முதலில் மூக்கு, பிறகுதான் வாய்.
சாம்பார்ப் பை உப்பியிருந்தால் பிரிப்பதே இல்லை.
“ஏற்கத்தக்கனா, யாரு ஏத்துக்கணும்?
மோந்து பாக்குறவனா, எழுதுனவனா?”

அடிக்குறிப்பில் பதில் இல்லை.

அட்டவணையில் சிங்கப்பூருக்கு நேராக ஒரு கோடு.
சிறிய, கிடைமட்டமான, சுத்தமான கோடு.
அதன் அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
வேலை அனுமதி நிபந்தனைகளையும்
ஒருமுறை தமிழாக்கியிருக்கிறேன்.
வீட்டுப் பணிப்பெண்ணுக்கு முதலாளி
போதிய உணவு தர வேண்டும்.
சாரத்தில் நிற்பவருக்கு
முதலாளி ஏற்க வேண்டியது பராமரிப்புச் செலவு,
அதன் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி:
(உணவு நீங்கலாக).

“அதை எதுக்கு வேலி போட்டு வச்சிருக்காங்க?”
மாடு மேய்ந்துவிடும் என்றேன்.
சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.
நூற்று நாற்பது வெள்ளி மாதாமாதம்
சாப்பாட்டுக்காரருக்குக் கட்டுபவர் அவர்.
அந்த அடைப்புக்குறிக்கு வாடகை.

என் சிக்கல் வேறு, சின்னது.
போதிய.
எல்லா நாட்டுப் பக்கத்திலும் வருகிறது இந்தச் சொல்.
தமிழில் போதும் என்று சொல்வது
சாப்பிடுகிறவரின் கை,
இலைக்கு மேல் குறுக்கே நீளும் கை.
பரிமாறுகிறவர் அதைச் சொன்னால்
பந்தியில் சண்டை வரும்.
சட்டங்களில் எல்லாம்
கரண்டி பிடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.
பொருத்தமான, தேவையான, நிறைவான,
எழுதி எழுதி அடித்தேன்.

இன்னொரு பரோட்டா சொல்லட்டுமா என்றேன்.
கையைத் தட்டுக்கு மேல் வைத்து
“போதும்” என்றார்.
வயிறு நிறைந்ததா,
விடுதிக்குப் பேருந்து பிடிக்க வேண்டுமா,
நான்தான் காசு கொடுக்கப் போகிறேன் என்பதா,
மூன்றுக்கும் அதே கைதான்.

அவர் போனபின்
மேசை துடைக்கும் சீனப் பாட்டி வந்து
தட்டைக் காட்டிச் சைகையில் கேட்டார்.
விளிம்பில் குழம்பு, கால் பரோட்டா.
முடிந்துவிட்டது என்று சொல்ல
மலாயில் சொல் தெரியும் எனக்கு.
சொல்லவில்லை.